தேங்காயை எண்ணாத கலோரிக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

எடையைக் குறைக்கக் கலோரியை எண்ணுங்கள் என்று பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கங்கள் சொல்வது சரிதான். ஆனால் கூடவே வரும் அட்டவணைகளில் 'ஒரு கப் சோறு', 'ஒரு கிண்ணம் கறி' என்றுதான் இருக்கிறது. யாருடைய கப், எவ்வளவு தேங்காய்ப்பால் விட்ட கறி என்று கேட்டால் பதில் இல்லை. வன்னியில் ஒரு வீட்டுச் சமையலை இப்படி அளக்க முடியாது. இங்கே கணக்குப் பிழைப்பது பெரும்பாலும் சோற்றில் இல்லை, தேங்காயிலும் எண்ணெயிலும்தான். ஆகவே கோப்பையில் விழுந்த பிறகு மதிப்பிடுவதை விட்டு, அடுப்புக்குப் போகுமுன் நிறுக்க வேண்டும்.

5 கிலோ வரை, 1 கிராம் துல்லியத்தில் நிறுக்கும் டிஜிற்றல் சமையல் தராசு ஒன்று போதும். அதைச் சமதளத்தில் வைக்கவும். பற்றரி இறங்கினால் எண் தடுமாறும். ஐயம் வந்தால் வெறும் போத்தலை வைத்துச் சுழியாக்கி, 1 லீற்றர் தண்ணீர் நிரப்பிப் பார்க்கவும். 1,000 கிராமுக்குக் கிட்ட வரவேண்டும். வீட்டிலுள்ள பானை சட்டிகளின் வெறும் எடையை ஒருமுறை நிறுத்துச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் பிறகு வேலை பாதியாகும்.

இரவுப் பிட்டை எடுத்துக்கொள்வோம். அரிசிமா 500 கிராம், கிராமுக்கு 3.6 கலோரி வீதம் 1,800. தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) 150 கிராம், கிராமுக்கு 3.5 வீதம் 525. மொத்தம் 2,325. அவித்து இறக்கியதும் முழுப் பிட்டையும் நிறுக்கவும். தண்ணீர் குடித்து அது 1,000 கிராம் வந்தால், கிராமுக்கு 2.3 கலோரி. உங்கள் பங்கு 250 கிராம் என்றால் 580. குடும்பத்தில் ஒருவர் மட்டும் எடை குறைக்க முயன்றாலும் இந்த முறை பொருந்தும். மற்றவர்களுக்குத் தனிச் சமையல் தேவையில்லை. மா நனைந்த அளவு நாளுக்கு நாள் மாறுவதால் அவித்த எடையை ஒவ்வொரு முறையும் பார்க்கத்தான் வேண்டும்.

அந்தப் பிட்டோடு வரும் சம்பலுக்கும் 150 கிராம் தேங்காய்ப்பூ போனால், நால்வரில் ஒருவர் பங்கு இன்னொரு 130. சொதிக்குத் தேங்காய்ப்பூவை அப்படியே எண்ணக்கூடாது, கொழுப்பில் ஒரு பகுதி சக்கையோடு போய்விடும். பாலையே அளக்கவும். கெட்டியான முதற்பாலில் 100 மில்லிலீற்றருக்கு 200 கலோரிக்கு மேல் இருக்கும். இரண்டாம், மூன்றாம் பால் அதைவிட வெகு குறைவு. முதற்பாலைக் குறைத்து மூன்றாம் பாலில் சொதி வைத்தால் அந்த வேறுபாடு கணக்கில் நன்றாகத் தெரியும்.

கத்தரிக்காய் தனியே 100 கிராமுக்கு 25 கலோரிதான். பொரித்தால் கதை வேறு, எண்ணெயைப் பஞ்சுபோல உறிஞ்சிவிடும். பொரிக்குமுன் தாச்சியை எண்ணெயோடு நிறுத்து, பொரித்து ஆறியபின் மறுபடி நிறுக்கவும். 60 கிராம் குறைந்திருந்தால் கத்தரிக்காய்க்குள் போனது 500 கலோரிக்கு மேல். குளத்து மீனும் அப்படியே: திலாப்பியாச் சதை 100 கிராமுக்கு 100 கலோரி வராது, பொரியலாகும்போது சேர்வது எண்ணெயின் கணக்கு.

சோற்றில் நடக்கும் பிழை ஒன்றுதான், ஆனால் பெரியது. வேகாத அரிசி 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி, வெந்த சோறு 130. கைபேசிச் செயலியில் இரண்டும் 'அரிசி' என்ற பெயரில் அடுத்தடுத்து நிற்கும். 250 கிராம் சோறு 325 கலோரி. தவறான வரியைத் தொட்டால் 875. சிவப்பரிசியில் நார் கூட, கலோரியில் வெள்ளை அரிசிக்கும் அதற்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. மொட்டைக்கருப்பன் போன்ற நாட்டுச் சிவப்பரிசி என்பதற்காக இன்னொரு அகப்பை போட முடியாது.

சீனியை விட்டுத் தேனுக்கு மாறுவோரும் உண்டு. மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம், 16 கலோரி. அதே கரண்டித் தேன் 7 கிராம், 20 கலோரிக்கு மேல். காட்டுத்தேன் எவ்வளவு நல்லதானாலும் எடைக்கணக்கில் அதற்குச் சலுகை கிடையாது. குவித்து அள்ளினால் சீனியும் 7 கிராம் வரும். இரண்டு கரண்டி வீதம் ஐந்து வெறுந்தேத்தண்ணி குடித்தால் 280 கலோரி. எழுதாமல் விடப்படுபவற்றில் இதுதான் முதலிடம், அடுத்தது கோயில் திருவிழாக் கச்சான்: உரித்த 50 கிராம் 280. 180 மில்லிலீற்றர் சாராயம் 330 வரை. பிஸ்கற் பைக்கற்றில் கிலோஜூல், கிலோகலோரி இரண்டும் இருந்தால் சிறிய எண்ணான கிலோகலோரியைப் பாருங்கள், நாம் கலோரி என்பது அதைத்தான்; முழுப் பைக்கற்றுக்கா, 100 கிராமுக்கா என்பதையும் பாருங்கள். எடை குறையவே இல்லை என்று முறையிட்டவர்களை 1992இல் அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, உண்டதில் பாதியளவை அவர்கள் எழுதவில்லை என்று தெரிந்தது.

ஒரு நாளைக்கு எவ்வளவு? எடையை (கிலோ) 10ஆலும் உயரத்தை (சென்ரிமீற்றர்) 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்கவும். ஆணுக்கு 5 கூட்டவும், பெண்ணுக்கு 161 கழிக்கவும். 70 கிலோ, 155 சென்ரிமீற்றர், 40 வயதுப் பெண்ணுக்கு 1,308 வரும். இது உடல் ஓய்வில் இருக்கும்போதே செலவிடும் கலோரி. இருந்தபடி வேலை என்றால் 1.2ஆலும், ஓரளவு நடமாட்டம் என்றால் 1.375ஆலும் பெருக்கவும். இரண்டாவதன்படி 1,800; அதில் 400 குறைத்து 1,400 உண்ணலாம். கமக்காரர் என்பதற்காகப் பெரிய எண்ணால் பெருக்கக்கூடாது: உழவும் அறுவடையும் இயந்திரத்துக்குப் போய், வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருபவருக்கு 1.375 போதும். வைத்தியர் சொல்லாமல் பெண்கள் 1,200க்கும் ஆண்கள் 1,500க்கும் கீழே இறங்க வேண்டாம். குறைப்பதை மீன், முட்டை, பருப்பில் குறைத்தால் தசையும் சேர்ந்து கரையும்.

முதல் வாரம் வேகமாக இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். காலையில் மலசலம் கழித்து, சாப்பிடுமுன் நிறுத்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடவும். கருவாட்டுக் கறி சாப்பிட்ட மறுநாள் 1 கிலோ ஏறுவது கொழுப்பு அல்ல, உப்போடு தங்கிய நீர். நான்கு வாரச் சராசரி அசையாவிட்டால் சாப்பாட்டைக் குறைக்குமுன் தேங்காயும் எண்ணெயும் உண்மையாகவே நிறுக்கப்படுகின்றனவா என்று பார்க்கவும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இனி அட்டவணை வெளியிடும்போது மா, அரிசி, தேங்காய்ப்பூ, முதற்பால், எண்ணெய், சீனி ஆகியவற்றுக்குச் சமைக்குமுன் உள்ள கிராமில் கணக்குக் கொடுங்கள். அதன் மேலேயே, எழுத்தைச் சிறிதாக்காமல், இதையும் அச்சிடுங்கள்: இன்சுலின் போடுபவர்களும் கிளிக்கிளசைட், தோல்பியூட்டமைட் போன்ற நீரிழிவுக் குளிசை எடுப்பவர்களும் கிளினிக்கில் மருந்தளவை மாற்றிக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் இந்தக் கணக்கைப் பின்பற்றக்கூடாது.

இப்படிக்கு,
போசணைத் துறையில் பணிபுரியும் சிலர்,
கிளிநொச்சி.