பதில் போட்டுவிட்டேன்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து எட்டு மாதமாகிறது. திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. எனக்கு முழங்கால் போய்விட்டது.

சின்னவன் இங்கே போட்டுவிட்டுப் போன லியூ சிஷினின் ‘த்ரீ பாடி ப்ராப்ளம்’ நாவலைத் தூக்கிக்கொண்டு, வெயிலுக்குப் பயந்து கோட்டூர்புரம் நூலகத்தில் பத்து நாள் உட்கார்ந்தேன். சுற்றிலும் குரூப் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். நடுவே வேற்றுக்கிரகத்துக்காரர்களோடு ஒரு கிழம். பாதிவரை எரிச்சல்தான். பாத்திரங்கள் பேசுவதில்லை, பாடம் நடத்துகிறார்கள். நம் பிசிக்ஸ் வாத்தியார்போலச் சாக்பீஸ் எறியாததுதான் குறை. நான்கு ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து படையெடுத்து வருகிறவர்கள் பூமியைத் தொட நானூறு ஆண்டுக்கு மேலாகுமாம். இதற்கா பயப்படுவது என்று சிரித்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கோட்டை கட்ட இங்கே சென்னையில் கடற்கரை நிலத்தைப் பெற்றதே 1639இல்தான்!

என்னைத் தூங்கவிடாதது அந்தப் படையெடுப்பு அல்ல. யே வென்ஜியே என்றொரு பெண். சீனாவின் கலாசாரப் புரட்சியின்போது, இயற்பியல் பேராசிரியரான தன் அப்பாவை மேடையேற்றி மாணவிகள் அடித்தே கொன்றதைக் கூட்டத்தில் நின்று பார்த்தவள். பின்னாளில் விண்வெளியிலிருந்து அவளுக்கு எச்சரிக்கை வருகிறது: பதில் போடாதே, போட்டால் உங்கள் உலகம் பறிபோகும். பொத்தானை அழுத்திப் பதில் போடுகிறாள். மனிதர்கள் தாமாகத் திருந்தமாட்டார்கள், வெளியாள் வரட்டும் என்று. அவளைத் திட்டத்தான் நினைத்தேன், முடியவில்லை. பெரியப்பாவை ஊர் நடுவில் நிற்கவைத்த அன்று நீயும் நானும் திண்ணையில் இருந்தோமே. அப்படியொரு பொத்தான் அன்றைக்கு என் கைக்கு எட்டியிருந்தால்? இதை உன்னிடம் மட்டும்தான் கேட்க முடியும்.

‘என் இனிய இயந்திரா’வையும் மறுபடி படிக்கவேண்டும். இரண்டெழுத்துப் பெயர், பிள்ளை பெற அரசாங்க அனுமதி என்றெல்லாம் சுஜாதா சொன்ன காலத்துக்கே வந்துவிட்டோம். போன நவம்பரில் ஆயுள் சான்றுக்குப் போனபோது, இயந்திரம் என் கட்டைவிரலை மூன்று முறை தள்ளிவிட்டது. உயிரோடு இருக்கிறேன் என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டு நின்றேன். அந்த நாவலில் வரும் இயந்திர நாய் ஜீனோ கூட இருந்திருந்தால் எனக்காக வாதாடியிருக்கும்.

விகடனிலிருந்து கிழித்துத் தைத்த என் பைண்டு உன் மச்சினரிடம்தான் இருக்கிறது. மறுக்காதே. முப்பது வருட வாடகையெல்லாம் வேண்டாம், புத்தகத்தை அனுப்பச் சொல்.

அன்புடன்,
ராகவன்