தூக்குப்போசி வைத்துவிட்டுப் போனவருக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கமுங்க.

முந்தாநாள் காலையில் எங்கள் வீட்டுக்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாய்க்கால் மேடு வரைக்கும் தனியாக நடந்து போனார். கீழ்பவானி வாய்க்காலில் திறந்துவிட்ட தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர்ந்த நாள் அது. இந்த வருசம் முதல் போகத் தண்ணீர் எங்கள் மதகுக்குக் கிடையாது. போன வருசம் நெல்லுக்கு எங்களுக்கு விட்டார்கள், அதனால் இந்த முறை மற்ற மதகுக்காரர்களுக்கு, எங்களுக்குத் தை பிறக்கிற சமயத்தில் கடலைக்கும் எள்ளுக்கும்தான். ஆனாலும் தண்ணீர் வருகிற அன்று கரையில் போய் நிற்காமல் அவரால் இருக்க முடியாது. நான் கூடவே போகவில்லை, விழுந்தால் ஓடிப் பிடிக்கிற தூரத்தில் பின்னால் போனேன். படிக்கட்டில் உட்கார்ந்தார், செருப்பைக் கழற்றினார், கம்பி வைத்த காலைத்தான் முதலில் தண்ணீரில் விட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அழுதுகொண்டிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டை எடுத்தேன்.

என் மகளுடைய பழைய 40 பக்க நோட்டு அது. போன வருசம் வீட்டுக்காரர் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்த நாளிலிருந்து யார் யார் என்ன செய்தார்கள் என்று அதில் எழுதி வைத்திருக்கிறேன், மொய் எழுதுகிற மாதிரி பேர், ஊர், செய்தது என்று வரிசையாக. எல்லாவற்றையும் ஒருநாள் திருப்பிச் செய்துவிட வேண்டும் என்ற நினைப்பு. என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்தக் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்பது விரல் நுனியில் இருக்கும். நான் எழுதுவதை ரொம்ப நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கேட்டார், "மொய்யின்னாத் திருப்பிச் செய்யலாம் கண்ணு. இதை எப்புடித் திருப்புவே? அவுங்க வூட்லயும் யாராச்சும் வுழோணுமா?" எனக்குப் பதில் வரவில்லை. "நல்லா இருங்கன்னு வாயத் தொறந்து சொல்லிப்போடு, போதும்" என்றார். அதைத்தான் இங்கே செய்கிறேன்.

போன வருசம் ஆடி 18 கழிந்து நாலாம் நாள். ஆடிக் காற்றைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று இங்கே வந்து பகல் ராத்திரி பாராமல் அடிக்கும், ஓட்டைத் தூக்கும், தென்னை மட்டையைப் பிய்த்து எறியும். காங்கயத்திலிருந்து வண்டியில் வந்துகொண்டிருந்தவர் முன்னால் அப்படி ஒரு மட்டை வந்து விழுந்திருக்கிறது. பிரேக் போட்டார், அவ்வளவுதான். தொடை எலும்பும் இடுப்பெலும்பும் முறிந்துவிட்டன. தலை தப்பியதற்கு என் மகளுக்குத்தான் முதல் நன்றி. ஹெல்மெட் மாட்டாமல் அப்பாவை வாசல் தாண்ட விடமாட்டாள், அன்றைக்கும் சண்டை போட்டுத்தான் அனுப்பினாள்.

ராத்திரி ஒன்பது மணி, ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு. பக்கத்துத் தேங்காய்க் களத்தில் வேலை செய்கிற வடமாநிலத் தம்பிகள் மூன்று பேர்தான் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார்கள். வெறும் கையால் தூக்கி வண்டியில் திணிக்காமல், காலை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு 108க்கு அடித்தார்கள் பாருங்கள், அதுதான் காலைக் காப்பாற்றியது என்று பின்னால் டாக்டர் சொன்னார். இடம் சொல்ல அவர்களுக்குத் தமிழ் வரவில்லை, களத்து வாட்ச்மேனை எழுப்பிப் பேச வைத்திருக்கிறார்கள். ஒரு தம்பி ஆம்புலன்சிலேயே ஏறிக்கொண்டார். நான் போய்ச் சேருகிற வரைக்கும் ரத்தம் காய்ந்த சட்டையோடு வாசலில் நின்றார், என்னைப் பார்த்ததும் உள்ளே கையைக் காட்டிவிட்டு, ஒரு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். ஐப்பசியில்தான் தேடிக் கண்டுபிடித்தேன். எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் பாதிதான் வருகிறது, கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வேறு என்ன செய்ய? களத்து முதலாளி அண்ணா, நீங்கள் இதைப் படித்தால் அந்த மூன்று தம்பிகளையும் உட்கார வைத்து இந்தப் பத்தியை மட்டுமாவது சொல்லிக் காட்டுங்கள். அவர்களைப் பெற்ற அம்மாக்கள் எங்கோ இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அந்த 108 வண்டியில் வந்த டிரைவர் தம்பிக்கும் நர்ஸ் தம்பிக்கும் நன்றி. விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்கிற 'இன்னுயிர் காப்போம்' திட்டம் என்று ஒன்று இருப்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அதில் சேர்க்கச் சொல்லி, எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனது வார்டு வேலை பார்க்கிற ஒரு அக்கா. இந்தத் திட்டத்தின் பேரை உங்கள் வீட்டிலும் ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் எதுவும் ஞாபகம் வராது. ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர், பேர் கூடச் சொல்லாமல் போனீர்கள். நல்லா இருங்கள்.

ஆஸ்பத்திரியில் 23 நாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பையனுக்குக் கால் ஒடிந்து அவன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார், முஸ்லிம் அம்மா. படுத்தே இருந்தால் முதுகில் புண் வரும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தலையணையை மாற்றிக் கொடு, குதிகால் படுக்கையில் படாத மாதிரி கெண்டைக்காலுக்கு அடியில் துணியைச் சுருட்டி வை என்று சொல்லிக் கொடுத்தது அவர்தான். ராத்திரி நான் அசந்து தூங்கிவிட்டால் அவரே எழுந்து மாற்றி வைத்திருப்பார். ஒருநாள் தொழுகைக்கு உட்காரும் முன்னால் என்னிடம், "உங்க வீட்டுக்காரர் பேரைச் சரியாச் சொல்லுங்கம்மா, சேர்த்துக் கேக்கறேன்" என்றார். நான் அந்த நாட்களில் எந்தச் சாமியிடமும் எதுவும் கேட்காமல் இருந்தேன். பேரைச் சொன்னேன்.

சாமி பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆடி வெள்ளி தவறாமல் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினேன், ஆடி 18க்குக் கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் முழுகி மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வந்தேன், நாலாம் நாள் இப்படி. கோபம் என்று சொன்னால் பத்தாது. மூன்று மாதத்துக்கு மேல் நான் விளக்குத் தொடவே இல்லை. கண் சரியாகத் தெரியாத என் மாமியார் தடவித் தடவித் திரி போட, என் மகள் ஏற்றுவாள். ஒருத்தர் கூட என்னை ஏன் என்று கேட்கவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரி அய்யா மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் என் மகனிடம் திருநீறு மடித்துக் கொடுத்துவிடுவார், கோயிலுக்கு வரச் சொல்லு என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியதில்லை. அந்தப் பொட்டலங்களை ஒரு டம்ளரில் போட்டு வைத்தேன். அய்யா, நீங்கள் கூப்பிட்டிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன், அதனால்தான் சொல்கிறேன்.

கார்த்திகை தீபத்தன்று மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த வாரம்தான் வாக்கர் பிடித்து நிற்கப் பழகியிருந்தார். நிலவுப்படியில் நின்று, பிள்ளைகள் திண்ணையில் விளக்கு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்தக் கடைசி வெளக்கு அணைஞ்சு போச்சு பாரு" என்றார். பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள், நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஏற்றினேன். எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. ஏற்றிவிட்டு அது நின்று எரிகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

இப்போது வயல் விசயம். ஆகஸ்ட் 15க்குத் தண்ணீர் வந்தபோது நாங்கள் ஆஸ்பத்திரியில். 120 நாள் தண்ணீர், நாற்று விட ஒரு வாரம் பிந்தினால் கதிர் முற்றும்போது வாய்க்கால் நின்றுவிடும். அந்த வருசம் நெல் போச்சு என்று நான் முடிவே செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாற்றங்கால் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. விட்டது யார் தெரியுமா? வடக்குத் தோட்டத்து மச்சாண்டார். எங்களுக்கும் அவர்களுக்கும் பொழித் தகராறில், அதாவது வரப்பு எல்லைச் சண்டையில், எட்டு வருசமாகப் பேச்சு வார்த்தை கிடையாது, எங்கள் கொழுந்தனார் கல்யாணத்துக்குக் கூட அவர்கள் வரவில்லை. அவர் வீட்டு நாற்றோடு எங்கள் நாற்றையும் விட்டு, நடவுக்கு ஆள் கிடைக்காமல் ஊரே அல்லாடின வாரத்தில் முதல் நடவை எங்கள் வயலில் போட்டுவிட்டு அப்புறம்தான் அவர் வயலுக்குப் போனார். அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக்குள் வந்து ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. பொழித் தகராறு இன்னும் தீரவும் இல்லை. மச்சாண்டாருங்களே, எதிரில் பார்த்தால் சொல்ல வாய் வராது. இங்கே சொல்கிறேன், எங்கள் வீட்டுக் குதிரில் இருந்தது நீங்கள் போட்ட சோறு.

பிள்ளைகளைப் பற்றி எழுதத்தான் கை நடுங்குகிறது. மகள் பிளஸ் டூ, மகன் ஏழாவது. அந்த 23 நாளும் அவர்கள் இருவரும் மாமியாரும் மட்டும் தோட்டத்துச் சாளை வீட்டில். மூன்று மாட்டுக்குப் பால் பீச்சி விடிகாலையில் சொசைட்டிக்குக் கொண்டுபோனது மேக்காலத் தோட்டத்து அக்கா. நாலே நாளில் என் மகனுக்கும் பால் பீச்சக் கற்றுக் கொடுத்துவிட்டீர்கள், எனக்கே பால் பீச்ச நிற்காத அந்தக் காரி மாடு அவனுக்கு நிற்கிறது. மகளுடைய டீச்சர் சாயங்காலம் தன் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்து, சோறு போட்டு, வண்டியில் கொண்டுவந்து விட்டார். இப்போது கோயம்புத்தூரில் பி.காம். படிக்கிறாள் டீச்சர், உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுத ஆசையாக இருக்கிறது.

புரட்டாசியில் ஒருநாள் மகனுக்கு எண்ணெய் தேய்க்கும்போதுதான் முழங்கையில் தழும்பைப் பார்த்தேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அப்பத்தாவுக்கு வெந்நீர் வைக்கப் போய்ச் சுட்டுக்கொண்டிருக்கிறான். மேக்கால அக்காதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் மருந்து போட்டு, ஒரு வாரம் தன் வீட்டிலேயே படுக்க வைத்திருக்கிறார். போனில் தினமும் என்னிடம் பேசினார், ஒரு சொல் சொல்லவில்லை. "சொல்லியிருந்தா நீ இங்கயும் இருந்திருக்க மாட்டே, அங்கயும் இருந்திருக்க மாட்டே அம்மிணி" என்றார். அக்கா, நீங்கள் செய்தது சரிதான். ஆனால் என் பிள்ளைக்குச் சுட்ட அன்று நான் அவன் பக்கத்தில் இல்லை என்பது இன்னும் எனக்கு ஆறவில்லை, அதையும் உங்களிடம்தானே சொல்ல முடியும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வாரம் ஒருமுறை ஸ்கூட்டரில் வந்த பிசியோதெரபி அம்மிணிக்கு நன்றி. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, "அழுத்துங்க, எண்ணுங்க, விடுங்க" என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொல்வார். அவர் வராத நாளில் அதே குரலில் என் மகன் சொல்வான். தையில் பட்டிப் பொங்கலுக்கு வாக்கரோடு பட்டி வரைக்கும் போய்விட்டார் எங்கள் வீட்டுக்காரர், கன்றுக்குட்டி பட்டியில் கட்டின சின்னத் தெப்பக்குளத்தை மிதித்துத் தாண்டியபோது எல்லோரும் கன்றைப் பார்த்தார்கள், நான் அவர் காலைத்தான் பார்த்தேன்.

மாசியில் மஞ்சள் வெட்டினோம். வேகவைத்துக் களத்தில் காயப்போட்டிருந்த ஒரு ராத்திரி திடீரென்று மேகம் கட்டிக்கொண்டு வந்தது, நான் போன் செய்யக்கூட இல்லை, தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஆறேழு பேர் இருட்டில் ஓடி வந்தார்கள். அன்றைக்கு ஒரு துளி மழை பெய்யவில்லை. பங்குனியில் ஊர் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டபோது, விடியலில் குடமெடுத்துப் போய் நானும் அந்தக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன், எங்கள் காட்டு மஞ்சளை உரசிக் கலந்து. பூசாரி அய்யா ஒன்றும் சொல்லவில்லை, வேப்பிலையைக் கையில் கொடுத்தார். சித்திரையில் மாமியார் நேர்ந்துகொண்டபடி சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். சாமி பக்தர் கனவில் வந்து சொல்கிற பொருளை வைக்கிற உத்தரவுப் பெட்டியில் என்ன வைத்திருந்தார்கள் என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், எனக்கு அது ஞாபகமே இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றதுதான் ஞாபகம் இருக்கிறது.

நோட்டில் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் பேர் இல்லை. புரட்டாசி முடிந்து ஐப்பசியில் நாலு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் எழுந்திருக்கும் முன்னாலேயே திண்ணையில் ஒரு தூக்குப்போசி, தூக்குப் பாத்திரம்தான், இருக்கும், மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டுக்கால் சூப்பு, தொட்டால் சுடும். கழுவி வைத்த போசி அடுத்த வாரம் தானாகக் காணாமல் போயிருக்கும். எங்கள் நாய் ஒருநாள் கூடக் குரைக்கவில்லை, அதனால் பழகின ஆள்தான். நாலாவது போசியை மட்டும் எடுக்க யாரும் வரவில்லை. மூடியில் சிவப்புப் பெயின்ட் புள்ளி இருக்கிறது, பிடி கொஞ்சம் வளைந்திருக்கும். யாரென்று சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல வேண்டாம், வழக்கம்போல இருட்டிலேயே வந்து எடுத்துக்கொள்ளுங்கள். திண்ணையிலேயே வைத்திருக்கிறேன், வெறும் போசியாகக் கொடுக்கக் கூடாது என்று மாமியார் சொன்னதால் உள்ளே இந்த வருச விரலி மஞ்சள் போட்டு வைத்திருக்கிறேன்.