விடுப்புக் கேட்பவரிடம் நோயின் பெயரைக் கேட்காதீர்கள்

மனிதவளத் துறையினருக்கும், குழுக்களை நடத்தும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

“உடம்பு சரியில்லை, இன்று வர இயலாது” என்று ஒருவர் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினால் பேச்சு அதோடு முடிய வேண்டும். முடிவதில்லை. “என்ன ஆச்சு?” என்று கேட்கிறீர்கள். அக்கறையோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் விடுப்பைத் தரவும் மறுக்கவும் அதிகாரம் உள்ளவர் எல்லார் முன்னிலையிலும் கேட்டால், அது விளக்கம் கேட்பதாகத்தான் காதில் விழும். நம்ப மாட்டார்களோ என்ற பயத்தில் மூலநோய், மனச்சோர்வு மாத்திரை, கரு கலைந்தது என்று எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடுகிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் பிடித்துப் போடுகிறவர்களும் உண்டு. பிறகு அவர்களையே “எதையும் மறைக்கத் தெரியாதவர்” என்கிறோம். இது பெரிய அநியாயம்.

சொன்னதைத் திரும்பப் பெற வழியில்லை. பதவி உயர்வுப் பேச்சு வரும்போது, “பாவம், அவருக்கு உடம்பு தாங்காது” என்று யாராவது நல்லெண்ணத்தோடு சொன்னாலே வாய்ப்பு கைவிட்டுப் போகும்.

வெளியே வருவது சொன்னவரின் கதை மட்டுமா? மூளை நரம்புகளைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. “எங்கள் அப்பாவுக்கு அந்த நோய்” என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னால், அவருடைய தம்பி தங்கைகளின் நிலையும் ஊகத்துக்கு வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 2008-இல் இயற்றப்பட்ட மரபணுத் தகவல் பாகுபாட்டுத் தடைச் சட்டம், ஊழியரின் குடும்ப நோய் வரலாற்றை நிறுவனம் கேட்பதையே பொதுவாகத் தடை செய்கிறது. கேட்டுக்கொண்டிருப்பவரையும் நினைத்துப் பாருங்கள். அறுவை சிகிச்சை விவரம் ஓடும் அதே மேசையில், தன் பயாப்ஸி முடிவுக்குக் காத்திருப்பவர் இருக்கலாம்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான்: எத்தனை நாள் வரமாட்டார், திரும்பி வந்த பிறகு எதைச் செய்ய இயலாது. “ஆறு வாரம் கனமான பொருள் தூக்கக் கூடாது” என்றால் வேலையைப் பிரித்துக் கொடுக்க அது போதும். அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும், மருத்துவத் தகவலைப் பணியாளர் கோப்பிலிருந்து பிரித்து ரகசியமாக வைக்கச் சொல்கிறது. தேவையான கட்டுப்பாடுகளையும் வசதிகளையும் மேலாளரிடம் சொல்ல இடம் தருகிறது. எச்ஐவி நிலையை வெளியிடும்படி எந்தத் தொழிலாளியையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் பரிந்துரைத்தது.

சில இடங்களில் சொல்வது உதவும். வலிப்பு வருபவர் சம்மதித்தால், பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரிந்திருப்பது நல்லது: ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது. தொற்றுநோய் என்றால், உடனிருந்தவர்களைப் பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள். நோயாளியின் பெயரைச் சொல்ல வேண்டாம். நெருங்கிய தோழியிடம் மனம் விட்டு அழ விரும்புகிறவரை யாரும் தடுக்க வேண்டியதில்லை. அது அவர் விருப்பம்.

நான் கேட்பது இவ்வளவுதான். மேலாளரிடம் போகும் விடுப்புப் படிவத்தில் நோயின் பெயரைக் கேட்கும் கட்டத்தை எடுத்துவிடுங்கள். சான்றிதழ் தேவைப்பட்டால் அதைப் பார்க்க ஒரே ஒருவரை நியமியுங்கள். விடுப்பு முடிந்து திரும்பியவரைத் தனியாக அழைத்து, “வேலையில் ஏதாவது மாற்றித் தர வேண்டுமா?” என்று மட்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு வேலை பார்க்கும் ஒருவர்