குளிர் தாங்கும் முட்டைக்கோழி இனங்களை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
குளிர்ப்பகுதி வீட்டுக்கோழி வளர்ப்போர்

பெறுநர்:
கோழிக்குஞ்சு வழங்கும் திட்டத்தின் பொறுப்பு அலுவலர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை

பொருள்: அடுத்த தவணையில் சிறிய கொண்டையுள்ள, குளிர் தாங்கும் முட்டைக்கோழி இனங்களைத் தேர்ந்தெடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வீட்டுக் கொல்லையில் பத்து, இருபது கோழி வைத்து முட்டை எடுக்கும் குடும்பங்கள் நாங்கள். குளிர்காலத்தில் தண்ணீர்த் தொட்டி உறைந்துபோகும் பகுதியில் இருக்கிறோம். அடுத்த தவணைக் குஞ்சுகளுக்கான இனம் விரைவில் முடிவாகும் என்று தெரிகிறது. கொள்முதல் ஆணை போவதற்குள் எங்கள் தரப்பைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இம்மனுவை எழுதுகிறோம்.

சென்ற தவணையில் எங்களுக்குக் கிடைத்தவை வெள்ளை லெகார்ன். அந்த இனத்தைக் குறை சொல்ல வரவில்லை. நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 280 முட்டைக்கு மேல் இடும், தீவனமும் குறைவாகவே தின்னும். முட்டைக் கணக்கை மட்டும் பார்த்தால் யாரும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் அது இத்தாலியிலிருந்து வந்த இனம். மெல்லிய உடம்பு, பெரிய ஒற்றைக் கொண்டை, அலகுக்குக் கீழே தொங்கும் சதைத் தாடி. கோழிக்கு வியர்ப்பதில்லை, கொண்டையிலும் தாடியிலும் ஓடும் ரத்தத்தின் வழியாக உடம்புச் சூட்டைக் கணிசமாக வெளியே விடுகிறது. வெயில் நாட்டில் அது வசதி. எங்கள் குளிரில் அதே கொண்டைதான் முதலில் அடிபடுகிறது.

உறைபனி பிடித்த கொண்டையைப் பார்த்தால் தெரியும். முதலில் பல்பல்லாக இருக்கும் நுனி வெளிறும். தொட்டால் விறைப்பாக இருக்கும். சில நாளில் நுனி கறுத்துக் காய்ந்து உதிர்ந்துவிடும். தண்ணீர் குடிக்கும்போது தாடி நனைந்து, அந்த ஈரம் அப்படியே உறைவதும் உண்டு. வலியில் கோழி இரையெடுக்காது, முட்டையும் நின்றுபோகும். சேவலுக்கு இது வந்தால் கருத்தரிப்பே குறைகிறது, அடைக்கு வைத்த முட்டை பொரிப்பதில்லை. கொண்டையில் வாசலின் தடவுங்கள் என்பார்கள். அது அரைகுறை வைத்தியம். தினமும் ஒவ்வொரு கோழியாகப் பிடித்துத் தடவிக்கொண்டிருக்க யாரால் முடியும்?

ஆகவே இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டு முட்டை எண்ணிக்கைக்கு முன்னால் கொண்டையைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்கள் முதல் விருப்பம் வயண்டாட். தலையோடு ஒட்டிப் படிந்த ரோஜாக் கொண்டை, அடர்ந்த இறகு, கனத்த உடம்பு. ஆண்டுக்குச் சுமார் 200 முட்டை இடும். இன்னொன்று சாண்டெக்ளேர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஓக்கா மடத்துத் துறவி வில்ஃப்ரிட் சாட்லேன் 1908-ல் தொடங்கி, அந்த நாட்டுக் குளிருக்கென்றே உருவாக்கிய இனம். கொண்டையும் தாடியும் இருப்பதே தெரியாத அளவுக்குச் சிறியவை. அதை உருவாக்கக் கலந்த இனங்களில் லெகார்னும் ஒன்று என்பதைக் கவனிக்கவும். அவர் முட்டைக் குணத்தை எடுத்துக்கொண்டு, கொண்டையை விட்டுவிட்டார்! பட்டாணிக் கொண்டை எனப்படும் சிறிய கொண்டையுள்ள பக்கை (Buckeye) இனமும் எங்களுக்குச் சம்மதமே.

இவை கிடைப்பது அரிது என்று சொல்லக்கூடும். சரி, அப்படியானால் ரோட் ஐலண்ட் ரெட் அல்லது பிளைமவுத் ராக் கொடுங்கள். இரண்டும் பொதுவாக ஒற்றைக் கொண்டைதான், ஆனால் லெகார்ன் அளவுக்குப் பெரிதல்ல, உடம்பும் கனம். ரோட் ஐலண்ட் ரெட்டில் ரோஜாக் கொண்டை வகையும் இருக்கிறது, அது கிடைத்தால் இன்னும் நல்லது. காலில் இறகுள்ள பிரம்மா மட்டும் வேண்டாம். பார்க்கக் கம்பளி போர்த்தியது போல இருக்கும். ஆனால் ஈரப்பனியும் சேறும் அந்தக் கால் இறகில் ஒட்டிக் கட்டியாகி, விரலையே உறைய வைத்துவிடும்.

எந்த இனம் கொடுத்தாலும் குளிர்காலத்தில் முட்டை குறையும் என்பது எங்களுக்கும் தெரியும். முட்டையிடக் கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். பகல் சுருங்கினால் முட்டையும் சுருங்கும். விளக்குப் போட்டுச் சமாளிப்பது எங்கள் வேலை. கூளத்தை ஈரமில்லாமல் வைப்பதும், கூரையடியில் காற்றுப் போக வழி விடுவதும் எங்கள் வேலைதான். எல்லாப் பக்கமும் இறுக்கி அடைத்த கொட்டகையில், எச்சத்தின் ஈரமும் மூச்சின் ஈரமும் சேர்ந்து கொண்டையைக் கெடுக்கின்றன. இதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கொண்டையின் அளவை மட்டும் எங்களால் மாற்ற முடியாது.

அப்புறம், வழங்கும் காலம். ஒருநாள் குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே போய், இறகு முளைக்கும் வரை காக்க வேண்டும். குளிர் தொடங்கும்போது குஞ்சு கொடுத்தால் ஓர் இரவு மின்சாரம் போனாலே போதும், எல்லாம் போச்சு. கனத்த இனங்கள் முட்டைக்கு வர ஆறு மாதம் வரை ஆகும். வசந்தத் தொடக்கத்தில் கொடுத்தால் பகல் மிகவும் சுருங்குவதற்குள் முட்டைக்கு வந்துவிடும், முதல் குளிர்காலத்திலும் ஓரளவு விடாமல் இடும். அதுவும் ஒருநாள் குஞ்சாக இல்லாமல், இறகு முளைத்த எட்டு வாரக் குஞ்சாக, தடுப்பூசி போட்டுத் தந்தால் இழப்பு வெகுவாகக் குறையும். எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வோம்.

கலப்பினமாக இல்லாமல் தூய இனமாகத் தருவதுடன், உறவில்லாத சேவல்களையும் சேர்த்துத் தர வேண்டுகிறோம். கலப்பினத்தின் குஞ்சுகள் தாயைப் போல வராது. தூய இனமாக இருந்தால் நாங்களே அடை வைத்துப் பெருக்கிக்கொள்வோம், ஆண்டுதோறும் உங்கள் வாசலில் நிற்க வேண்டியிருக்காது. வயண்டாட் அடைக்கும் உட்காரும். லெகார்ன் பெரும்பாலும் உட்காராது.

திட்டம் முழுவதையும் ஒரே தடவையில் மாற்றுவது சிரமமென்றால், எங்கள் பகுதிக்கு வரும் குஞ்சுகளில் ஒரு பங்கையாவது சிறிய கொண்டை இனமாகத் தாருங்கள். லெகார்னையும் சிறிய கொண்டை இனத்தையும் ஒரே மாதிரிக் கொட்டகையில், ஒரே தீவனத்தில் வளர்த்து, குளிர்கால முட்டைக் கணக்கையும் இறப்புக் கணக்கையும் மாதந்தோறும் எழுதித் தருகிறோம். கொள்முதல் ஆணைக்கு முன் எங்கள் பிரதிநிதிகளைச் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கி, தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வீட்டுக்கோழி வளர்ப்போர் சார்பாக
(கையொப்பம்)

இணைப்பு: வளர்ப்போர் கையொப்பப் பட்டியல்