அம்மிணிக்கு, கொறங்காட்டிலிருந்து

காங்கயம்
ஐப்பசி 12

கண்ணு,

நீ ஜெர்மனியிலிருந்து அனுப்பிய மூன்று போட்டோவும் வந்தன. பயிரைப் புளிக்கவைத்து எரிவாயு எடுக்கிற, பச்சைக் கூடாரம் போட்ட கேஸ் தொட்டி, பக்கத்தில் மலைபோல் குவித்துப் பழைய டயர்களை அடுக்கி அமுக்கிய மக்காச்சோள ஊறுகாய்ப்புல், அப்புறம் உன்னைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கும் அந்த மிஸ்காந்தஸ் புல். அப்பா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “நம்ம நாணலாட்டத்தான் இருக்குது” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். ஸ்பீக்கரில் பேசினோம், அவர் திண்ணையில் இருந்தார். காட்டாமணக்கை இழுக்காமல் அந்தப் பேச்சைப் பேச முடியாது. அவர் எதிரில் அந்தச் செடியின் பேரை நான் எடுப்பதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். சிரிக்காதே.

“சும்மா கிடக்கிற நாலு ஏக்கர் கொறங்காட்டில், அந்த மேய்ச்சல் நிலத்தில், எரிவாயு எடுப்பதற்கென்றே வளர்க்கிற எனர்ஜி புல் போட்டு கேஸ் ஆலைக்குக் கொடுத்தால் என்னம்மா?” என்றாய். அந்த ‘சும்மா கிடக்கிற’ என்பதில்தான் நாங்கள் ஒருதரம் வழுக்கி விழுந்தோம்.

2007 வாக்கில் ஊரெல்லாம் காட்டாமணக்கு டீசல் பேச்சு. தண்ணீர் வேண்டாம், தரிசிலும் வளரும், ஆடு மாடு வாய் வைக்காது, மூன்றாம் வருஷத்திலிருந்து கொட்டை கொட்டையாகக் காசு என்று ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து சொன்னார்கள். கன்றும் கொடுத்தார்கள், திரும்ப வாங்கிக்கொள்வதாகப் பத்திரமும் கொடுத்தார்கள். கிளுவை வேலிக்குள் நின்ற கொழுக்கட்டைப்புல் அவர்கள் கணக்கில் தரிசு! அப்பா டிராக்டர் விட்டு உழுதார். உங்கள் அப்பாரு, என் மாமனார், அன்றைக்குச் சாப்பிடவில்லை. தண்ணீர் இல்லாமல் செடி உயிரோடு இருந்தது, அது பொய்யில்லை. காய் மட்டும் வைக்கவில்லை. வைத்த கொஞ்சத்தைப் பொறுக்கின கூலிக்கும் கட்டவில்லை. அதற்குள் கம்பெனியின் போன் நம்பரே வேறு யாருக்கோ போய்விட்டது. எங்களுக்குக் கிடைத்த ஒரே மகசூல், நீயும் மாமா பையனும் அந்தக் கொட்டையை உடைத்துத் தின்று ராத்திரி முழுக்க வாந்தி எடுத்ததுதான். “முந்திரியாட்டம் இனிச்சுதும்மா” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

பிடுங்கிப் போட்ட பிறகு வந்தது பார்த்தீனியம். கொழுக்கட்டைப்புல் திரும்பிவர வருஷங்கள் ஆயின. செம்மறிகளைப் பட்டி போட்டு, புழுக்கை விழுந்து, இரண்டு நல்ல மழை கிடைத்த பிறகுதான் தரை மூடியது. ஓரத்தில் தப்பிய நாலு வெள்வேல மரம் இன்றைக்கும் கோடையில் நெற்றுக் கொட்டி ஆடுகளைக் காப்பாற்றுகிறது. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிது என்னும் ஊரில், யாரும் விதைக்காமல், ஒரு சொட்டுத் தண்ணீர் கட்டாமல் ஆட்டையும் மாட்டையும் வளர்க்கிற நிலம் அது. புல்லை மாடு தின்கிறது, சாணம் வீட்டுச் சாண எரிவாயுக் குழிக்கு வருகிறது, அடுப்பு எரிகிறது. நீ சொல்கிற எனர்ஜி புல் அங்கே ஏற்கெனவே முளைத்துத்தான் கிடக்கிறது கண்ணு.

அதற்காக, கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டுச் சேர்த்த கம்பு நேப்பியர் கெட்டது என்று சொல்லவில்லை. அதில் கோ-5 ரகம் நல்ல புல். நட்ட 75 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளைக்கு ஒரு தரம், வருஷத்துக்கு ஏழு. வேளாண் பல்கலைக்கழகக் கணக்கில் ஏக்கருக்கு 150 டன்னை நெருங்கும். ஆனால் பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். பத்து டன் லாரி ஏறினால் அதில் எட்டு டன் நம் கிணற்றுத் தண்ணீர். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் தண்ணீர் நமக்கு முறை வைத்துத்தான் வருகிறது. பக்கத்துத் தோட்டத்தில் 1,000 அடிக்குக் கீழே போர் போட்டும் புகைதான் வந்தது. கொறங்காட்டில் நேப்பியர் என்றால் இந்தத் தண்ணீரைத்தான் அங்கே கொண்டுபோக வேண்டும். ஆலை தூரத்தில் இருந்தால் லாரி குடிக்கிற டீசலையும் கணக்கில் சேர்.

இன்னொன்று. அறுத்த புல்லெல்லாம் வெளியே போனால் மண்ணில் என்ன மிச்சம்? ஒவ்வொரு அறுப்புக்கும் யூரியா போடச் சொல்கிறார்கள். யூரியாவையே இயற்கை எரிவாயுவில்தான் செய்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். கேஸிலிருந்து யூரியா, யூரியாவிலிருந்து புல், புல்லிலிருந்து மறுபடி கேஸ். நடுவில் நானும் அப்பாவும் எதற்கு?

உங்கள் ஊர்க்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள் என்றுதான் தோன்றுகிறது. கேஸ் எடுத்த பிறகு மிஞ்சுகிற குழம்பை டேங்கரில் கொண்டுவந்து அதே வயலுக்கு விடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களும் ஒரு காலத்தில் மானியத்தைப் பார்த்து மக்காச்சோளமாகவே போட்டு, 2012-இல் அது தொட்டிக்குள் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட வேண்டி வந்ததாமே. இங்கே பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்று ஆகி, மக்காச்சோளமும் அதற்குப் போவதிலிருந்து மக்காச்சோள விலையைப் பற்றிப் பல்லடம் கோழிப்பண்ணைக்காரர்கள் புலம்புகிற புலம்பல் உன் காதில் விழ வேண்டும். விற்கிற நமக்கு நல்லதுதானே என்று அப்பா சொல்கிறார். தீவனம் வாங்குகிறபோது அதே வாய் வேறு மாதிரிப் பேசும்.

நீ சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் குரோமோசோம் கதை. கம்புக்கு 14, நேப்பியருக்கு 28, ஒவ்வொன்றிலிருந்தும் பாதி வந்து சேர்ந்தால் 21. ஜோடி சேராத கணக்கு, அதனால் விதை பிடிக்காது. உன் மிஸ்காந்தஸுக்கும் அப்படியே, 57. ஜப்பானிலிருந்து 1935-இல் டென்மார்க்குக்கு வந்த ஒரு செடியின் கிழங்கைப் பிரித்துப் பிரித்தே அத்தனை நாட்டுக்கும் போயிருக்கிறது என்றாயே, அதை அப்பாவிடம் சொன்னேன். “கரணை வித்தவன் சம்பாரிச்சிருப்பான்” என்றார். இங்கேயும் கரணை, அதாவது நடுகிற தண்டுத் துண்டு, விற்கிறவர்கள்தான் முதலில் சம்பாதிக்கிறார்கள். ஏக்கருக்குப் பதின்மூன்றாயிரம் கரணை வேண்டும்.

2018 அக்டோபரில் டில்லியில் ஆரம்பித்த, சாணத்திலும் பயிர்க்கழிவிலும் கேஸ் எடுக்கிற அந்த ‘சதத்’ (SATAT) திட்டத்தை நீ குறிப்பிட்டிருந்தாய். 5,000 ஆலை, வருஷத்துக்கு 1.5 கோடி டன் கேஸ், 2023-க்குள் என்றார்கள். 2023 வந்து போயும் ஆயிற்று, இலக்கின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. ஆலை வந்த பிறகு புல் வைக்கலாம். புல்லை வைத்துவிட்டு ஆலை வரும் என்று வழி பார்த்து நிற்க முடியாது, 45 நாள் ஆனால் அது முற்றிப்போகும்.

இனி நம் குழி. அப்பாரு 1984-இல் மானியத்தில் கட்டியது, இரும்பு மூடி ஏறி இறங்குகிற மாடல். நாலைந்து மாடு, தினம் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர், 2 கன மீட்டர் கேஸ். காகிதக் கணக்கில் மாதம் ஒன்றே முக்கால் சிலிண்டருக்குச் சமம். மார்கழிக் குளிரில் அதில் பாதி வந்தால் பெரிது. அந்த 50 கிலோவை யார் கரைத்தது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. கல்யாணமாகி வந்த மறுவாரத்திலிருந்து நான்தான். முழங்கை வரை விட்டுக் கட்டி உடைத்து, கல்லும் வைக்கோலும் பொறுக்கி, குழாய் வாயில் கட்டையைப் பிடுங்குகிறபோது ‘களக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் எனக்குக் காபி.

மூடி துருப்பிடித்து ஓட்டை விழுந்து ஆறு வருஷம் சும்மா கிடந்ததும் உனக்குத் தெரியும். போன மாதம் ஃபைபர் மூடி போட்டோம். நீ சொன்னாயே என்று நான் அவசரப்பட்டு ஒரு கூடை பச்சைப் புல்லையும் நறுக்கி உள்ளே தள்ளினேன். புல் கரையவில்லை. மேலே மிதந்து தோசை மாதிரி கட்டிக்கொண்டது, குழாயும் அடைத்துக்கொண்டது. சித்தப்பா மூங்கில் கழியை விட்டுக் குத்திக் குத்தி எடுத்தார், ஒரு நாள் முழுக்க. உங்கள் ஊர்த் தொட்டியில் கலக்கி விடுவதற்கு மிஷின் சுற்றும். நம் குழியில் மாட்டின் வயிறுதான் மிஷின். புல் முதலில் அங்கே போகட்டும்.

அதனால் நானும் அப்பாவும் பேசி ஒன்று செய்திருக்கிறோம். கொறங்காட்டைத் தொடவில்லை. கிணற்று மேட்டில் 25 சென்டில் கோ-5 கரணை ஊன்றியாயிற்று, மூன்று வரிசைக்கு ஒரு வரிசை வேலிமசால் என்கிற பயறு வகைத் தீவனச் செடி. கட்டுத்தரை கழுவுகிற தண்ணீரும் குழியில் கேஸ் போக மிஞ்சுகிற குழம்பான ஸ்லரியும் சரிவில் தானாகவே அங்கே இறங்கும். யூரியா வாங்கப் போவதில்லை. சாணம் கரைக்கக் கையால் சுற்றுகிற மிக்சர் ஒன்று பொருத்தித் தரச் சொல்லியிருக்கிறேன். இது அப்பா செலவு, கறாராகச் சொல்லிவிட்டேன்.

ஆலைக்காரர்கள் யாராவது வந்தால் கேட்க ஒரே கேள்வி வைத்திருக்கிறேன்: புல் ஏற்றிப் போகிற லாரி திரும்பி வரும்போது ஸ்லரி கொண்டுவருமா? பத்திரத்தில் அதை எழுதிக் கொடுத்தால் மேலும் ஒரு ஏக்கரைப் பற்றி யோசிக்கலாம். அந்த ஊரில் டேங்கர் செலவு யார் தலையில் விழுகிறது, விவசாயியா ஆலையா, கேட்டுச் சொல்.

தையில் வருகிறாய். முதல் அறுப்பு அப்போதுதான் வரும், முழுக்கைச் சட்டை ஒன்று எடுத்து வை, புல்லின் சோகை கையை அறுக்கும். மற்றபடி பெட்டியில் அந்த மிஸ்காந்தஸ் கிழங்கை மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடாதே. அப்பா கேட்டாலும் வேண்டாம். நேற்று ராத்திரி அந்தப் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா