காசாளருக்கு எது உல்லாசப் பயணம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஊழியர் பயிற்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். செலவு மிச்சம், நேரம் மிச்சம், செல்போன் இருந்தால் போதும் என்றெல்லாம் ஆன்லைன் பயிற்சியைப் புகழ்ந்திருந்தீர்கள். சரி, அது உங்கள் கருத்து. நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறதே, முன்பெல்லாம் வங்கி ஊழியர்களுக்கு டிரெயினிங் என்பது சம்பளத்தோடு உல்லாசப் பயணம் என்று, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நான் ஓர் அரசு வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். எந்த வங்கி என்று கேட்காதீர்கள், சர்வீஸ் இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்த உல்லாசத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். புது 500, 200 எல்லாம் புழக்கத்துக்கு வந்த பிறகு டிரெயினிங் சென்டருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஹாஸ்டலில் ஒரு அறைக்கு மூன்று பேர், ஒரே ஒரு மின்விசிறி. வகுப்பெடுத்தவர் கேஷிலேயே தலை நரைத்தவர். கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கையில் நோட்டைக் கொடுப்பார், எத்தனை ரூபாய் என்று சொல்ல வேண்டும். 500 ரூபாயில் இரண்டு ஓரத்திலும் ஐந்து சாய்வுக் கோடுகள் மேடாக இருக்கும், 200இல் நான்கு கோடு, நடுவில் இரண்டு சின்ன வட்டம், 100இல் நான்கு கோடு மட்டும். அகலம் மூன்றுக்கும் 66 மில்லிமீட்டர்தான், நீளத்தில்தான் வித்தியாசம்: 150, 146, 142. நான்கு மில்லிமீட்டரை விரல் கண்டுபிடிக்குமா என்று சிரித்தவர்கள் எல்லாம் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்தார்கள். காந்தி படத்தை நகத்தால் வருடிப் பார், பாதுகாப்பு இழையைச் சாய்த்துப் பச்சை நீலமாகிறதா பார் என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து நின்றார். தப்பாகச் சொன்னால் திட்டும் விழும். டீ நேரத்தில் மற்ற கிளைக்காரர்கள் தங்கள் கவுண்டரில் நடந்த ஏமாற்று வேலைகளைச் சொல்வார்கள், அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

இப்போது இதே பாடம் ஒரு வீடியோ. திரையில் ஒரு கை நோட்டைச் சாய்த்துக் காட்டுகிறது. மேடான அச்சைத் தடவிப் பாருங்கள் என்கிறது ஒரு குரல். எதைத் தடவுவது? செல்போன் கண்ணாடியையா? பகலில் கவுண்டரை விட்டு நகர முடியாது, கேஷ் டேலி ஆகி இரும்புப் பெட்டியைப் பூட்டி வீட்டுக்குப் போய்ச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஓட விட வேண்டியதுதான். இதற்கிடையில் ரீஜனல் ஆபீஸிலிருந்து, இன்னும் முடிக்காதவர்கள் பட்டியல் என்று சிவப்பு எழுத்தில் மெயில் வரும். வினாவுக்கான விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றுவது உங்கள் நிருபருக்குத் தெரியாமலா இருக்கும்? கிராமத்து மக்களிடம் தமிழில் பேசத்தான் எங்களை உட்கார வைத்திருக்கிறார்கள், பாடம் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது.

எங்கள் கிளையில் நடந்ததையும் கேளுங்கள். மகளிர் சுய உதவிக் குழுத் தவணையைக் கட்ட ஓர் அம்மா வந்தார், அவர் கொடுத்த நோட்டுக் கட்டுக்குள் ஒரு 500 ரூபாய் கள்ள நோட்டு. நோட்டு எண்ணும் மெஷின் அன்றைக்கும் ரிப்பேர், அதற்காக நான் எழுதிய கடிதங்கள் தனிக்கதை. கவுண்டரில் இருந்த புதுத் தம்பி நல்ல பையன், கள்ள நோட்டு கோர்ஸில் நூற்றுக்கு நூறு வாங்கிய சர்டிபிகேட் வைத்திருப்பவன். 'இது செல்லாதும்மா, எடுத்துட்டுப் போங்க' என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். ரிசர்வ் வங்கி விதிப்படி அந்த நோட்டைத் திருப்பித் தரவே கூடாது. முத்திரை குத்திப் பறிமுதல் செய்து, கொண்டுவந்தவருக்கு ரசீது கொடுக்க வேண்டும். ஒரே தடவையில் நான்கு வரை இருந்தால் மாதக் கடைசியில் போலீசுக்கு மொத்தமாக அறிக்கை, ஐந்தோ அதற்கு மேலோ என்றால் எஃப்.ஐ.ஆர். பறிமுதல் செய்யாமல் விட்டால் வங்கியே வேண்டுமென்று கள்ள நோட்டைப் புழக்கத்தில் விட்டதாக எடுத்துக்கொண்டு அபராதம் போடுவார்கள். அவனைக் கேட்டால் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான். எதிரில் ஓர் அம்மா கண் கலங்கி நிற்கும்போது இதை எப்படிச் சொல்வது, எப்படி வாங்கி வைப்பது என்று யாரும் அவனுக்கு நடத்திக் காட்டவில்லை. நான் வாசலுக்கு ஓடிப்போய் அந்த அம்மாவைத் திரும்பக் கூட்டி வந்தேன். கியூவில் நின்றவர்கள் என்னைத்தான் திட்டினார்கள்.

ஆன்லைனே வேண்டாம் என்று சொல்லும் பழைய ஆள் இல்லை நான். 2023 மே 19 அன்று 2000 ரூபாயைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள், 23ஆம் தேதியே மாற்றிக் கொடுக்கத் தொடங்க வேண்டும், ஒரு தடவைக்கு 20,000 ரூபாய் வரை. நான்கு நாளில் நாடு முழுக்க எந்த வகுப்பறையில் உட்கார வைத்துச் சொல்லியிருக்க முடியும்? அதற்கெல்லாம் செல்போன் போதும். விதி மாறினால் திரையில் சொல்லுங்கள். கை பழக வேண்டிய வேலைக்கும் அதே திரையைக் காட்டிவிட்டு, பயிற்சி முடிந்தது என்று டிக் அடித்துக்கொள்வதுதான் எரிச்சலாக இருக்கிறது. அந்த டிக் யாருக்காக? தப்பு நடந்தால், நீதான் பயிற்சி பெற்றவனாயிற்றே என்று மெமோ கொடுக்க வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் இதழுக்கு எங்கள் மேல் என்ன கோபமோ. 2016 நவம்பரில் நள்ளிரவு வரை பழைய 500, 1000 எண்ணிக்கொண்டிருந்தோம், அப்போதும் வங்கி ஊழியரின் சாப்பாட்டு நேரத்தை வைத்து ஒரு கார்ட்டூன் போட்டீர்கள். மறுத்து எழுதினேன், வெளியிடவில்லை. ஆள் பற்றாக்குறையில் ஒருவரே இரண்டு கவுண்டர் பார்ப்பதும், கேஷில் இருப்பவனையே இன்சூரன்ஸ் பிடித்து வா என்று விரட்டுவதும் உங்களுக்குத் தெரிந்த செய்திகள்தானே. அதைப் பற்றி ஒரு கட்டுரையும் காணோம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'உல்லாசப் பயணம்' என்ற அந்த வரிக்கு ஒரு வருத்தம் போடுங்கள். அதற்கு இடமில்லை என்றால், வங்கியில் கள்ள நோட்டைப் பிடித்து வைத்துக்கொண்டால் கட்டாயம் ரசீது கேட்டு வாங்குங்கள் என்று வாசகர்களுக்கு ஒரு சின்ன பெட்டிச் செய்தியாவது போடுங்கள். நோட்டைக் கொண்டுவந்தவர் ரசீதில் கையெழுத்துப் போட மறுத்தாலும் வங்கி ரசீது கொடுத்தே ஆக வேண்டும், அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத காசாளர்,
விழுப்புரம் மாவட்டம்