எஞ்சினை நிறுத்திய அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். சித்திரை விடுமுறையில், உப்புவெளிக் கரையில் விடியக்காலை திமிங்கிலம் பார்க்க ஏழு பேரை உங்கள் போட்டில் ஏற்றினீர்களே, "இன்னும் கிட்ட விடுங்கோ அண்ணா, காசு கூடத் தாறன்" என்று வழி முழுக்கக் கத்திய நீலத் தொப்பிக்காரன் நான்தான்.

கோணேசர் மலை பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. திருகோணமலைக் கடல் கரையை விட்டதுமே ஆழம். அடியில் பெரிய பள்ளத்தாக்கே கிடக்கிறது. அதனால்தான் நீலத் திமிங்கிலம் இவ்வளவு கிட்ட வருகிறது. முதல் மூச்சு அரைத் தென்னை உயரத்துக்கு எழும்பியதும் ஐந்து போட்டுகள் ஒன்றாகப் பாய்ந்தன, நம்முடையதும்தான். அது உள்ளே போய்விட்டது. இரண்டாம் முறையும் அதே கதை.

மூன்றாம் முறை நீங்கள் எஞ்சினை நிறுத்தினீர்கள். "துரத்தினா மூச்செடுத்து முடிக்க முதலே கீழ போயிடும். தன்ர பாட்டுக்கு வரட்டும்" என்றீர்கள். எனக்குக் கோபம். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பத்து நிமிடம் இருக்கும். நூறு மீட்டருக்கு அப்பால் அது வந்தது. நான்கைந்து தரம் ஆறுதலாக மூச்சு விட்டு, வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கியது. பிறகு தண்ணீரில் செங்கல் நிறத்தில் ஒரு படலம். "அது அதின்ர பீ" என்றீர்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து வாசித்தேன். 2003-ல் கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ் இலங்கைக் கடலில் கண்டதும் அதே சிவப்புத்தான். குளிர்கடலில் தின்றுவிட்டு வெப்பக்கடலுக்கு வரும் இனம் என்று படித்தவருக்கு, இவை இங்கேயே இரை தின்கின்றன என்று காட்டிக்கொடுத்தது அந்தப் பீதான்! இன்னொன்றும் வாசித்தேன். 1960களில் சோவியத் கப்பல்கள் இந்துப் பெருங்கடலின் வடபகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் களவாகக் கொன்றிருக்கின்றன. எண்பது தொண்ணூறு வருடம் வாழும் உயிர் அது. நாங்கள் பார்த்தது அந்தத் துரத்தலுக்குத் தப்பியதாகக்கூட இருக்கலாம். அதன் பின்னால்தான் நானும் உங்களை விரட்டினேன்.

கரைக்கு வந்ததும் பேசிய காசை மட்டும் கணக்காக எண்ணித் தந்தேன். கிட்டப் போகவில்லையே, கூடக் கொடுப்பானேன் என்ற புத்தி. கூடத் தாறன் என்று கத்திய அந்தக் காசைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். வாற பங்குனியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவோம். அவவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, முன்னால் இடம் தாருங்கள். நான் பின்னால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

இப்படிக்கு,
நீலத் தொப்பிக்காரன்